வேலிக்கு வெளியே ஓடை

6-3-1951
தோட்டத் தொழிலாளர் லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டு முடிந்தது. வேலிக்குப் பின்னால் ஓடைக்கரை மரங்களையும் பட்டாளத்தார் வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகள் மறைந்து வரக் கூடாதாம். தோட்டத்துக்கு வைத்தியம் பார்ப்பவன் என்ற முறையில் துரையிடம் சொன்னேன்: இங்குள்ள மலேரியாக் கொசு சாக்கடையில் வளர்வதில்லை, வெயில் படும் தெளிந்த ஓடையில்தான். நிழல் போனால் காய்ச்சல் வரும். "குண்டு அதைவிடச் சீக்கிரம் கொல்லும், டிரஸர்" என்றார்.

19-3
ஓடையில் கொசு எண்ணெய் தெளிக்க நான் அனுப்பிய சன்னாசியை வேலிக் கேட்டில் பிடித்துவிட்டார்கள். காட்டுக்காரர்களுக்கு எண்ணெய் கொண்டுபோகிறானாம். முதுகில் பம்பு மாட்டியிருந்தானே, அது கண்ணில் படவில்லையா? போலீஸ் லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

2-4
வீட்டுக்கு வீடு குளிர்காய்ச்சல். ஓடைப் பக்கம் போக ஆளில்லை.

4-4
சன்னாசியின் மனைவி முத்தாயி வந்தாள். "நீங்க அனுப்பின ஆளுதானேய்யா. நீங்க போயி ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"
ஆபீஸ் கிராணி அமிர்தலிங்கம், "உங்க பேரையும் எழுதிக்குவாங்க, சும்மா இருங்கலா" என்கிறார். பயமாகத்தான் இருக்கிறது. சந்தேகப்பட்டவர்களை நாடு கடத்துகிறார்கள்; என்னையும் ஊருக்குக் கப்பலேத்திட்டா?

7-4
போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். "அவன் காட்டுக்கு ஓடினால் உன்னைத்தான் பிடிப்பேன்" என்றார் இன்ஸ்பெக்டர். ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். சன்னாசியை விட்டார்கள். அடித்ததில் அவனுக்கு ஒரு காது கேட்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கும்போது சொன்னான்: "இனி அந்த ஓடைப் பக்கம் போகமாட்டேன்யா." எப்படிப் போகச் சொல்வேன்?

15-4
சன்னாசியின் மகள் செல்லத்துக்கு வலிப்பு. காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது. மலேரியாவுக்குக் கொய்னா ஊசி போட்டேன். ஊரடங்கு, டவுனுக்கு வண்டி விடமாட்டார்கள். முத்தாயி பிள்ளையின் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். வேற என்னதான் செய்ய — சாமி —

17-4
கண் விழித்தது. கஞ்சி கேட்டது.

24-4
முத்தாயி மருந்துக் கொட்டகைக்கு வந்து பம்பைக் கேட்டாள். "அவரு போகமாட்டாரு. நானும் போகச் சொல்லமாட்டேன். நான் போறேன்."
கூடாது என்றேன்.
"இன்னும் எத்தனை பிள்ளைங்களுக்கு இழுக்கணும்யா?"
நேரே துரையிடம் போனேன். இந்த முறை அவர் முடியாது என்று சொல்லியும் நகரவில்லை. கடைசியில் கேட்டைத் தாண்டச் சீட்டு எழுதித் தந்தார். காவலுக்கு ஆள் கிடையாதாம். அவளோடு நானே போகிறேன்.

12-6
காய்ச்சல் குறைந்திருக்கிறது. இன்றும் முத்தாயியும் நானும் ஓடையில் தெளித்துவிட்டு வந்தோம். காட்டுப் பக்கம் ஒரு குச்சி முறிந்தாலும் இரண்டு பேரும் அசையாமல் நின்றுவிடுகிறோம். திரும்பியபோது கேட்டுக்கு உட்புறம் சன்னாசி, தோளில் செல்லத்தோடு. எவ்வளவு நேரமாக நின்றானோ. பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு, முத்தாயியின் முதுகிலிருந்து பம்பைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். லயத்துப் பக்கம் நடந்தான்.