நீங்கள் அளந்து விட்ட காற்று

அன்புள்ள அத்தானுக்கு,

அன்புள்ள என்று தொடங்கிவிட்டேன். அதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். உங்கள் முதல் வருட ஆட்டைத் திவசம் வருகிறது, நினைவு மலர் அச்சுக்குப் போகிறது. மனைவி புலம்பலுக்கென்று உங்கள் தம்பி நேசன் ஒரு பக்கம் ஒதுக்கி, அதையும் தானே எழுதி, ஒருக்கால் பார்க்கச் சொல்லிக் கொண்டுவந்து தந்தார். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு அந்தப் பக்கத்துக்கு இதை எழுதுகிறேன். உங்களுக்குத்தான் எழுதுகிறேன். ஊர் வாசித்தால் வாசிக்கட்டும்.

போன வருடமும் இதே கூத்துத்தான். முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வந்த எல்லோருக்கும் படமும் புலம்பல் பாட்டும் அச்சடித்த ஒரு கல்வெட்டுப் புத்தகம் கொடுத்தோம். முன் அட்டையில் காரின் பொனட்டில் சாய்ந்துகொண்டு நீங்கள். உள்ளே என் பெயரில், நான் எழுதாத புலம்பல். "பக்கத்தில் எனையிருத்திப் பாரெல்லாம் காட்டினீரே, சொர்க்கத்தில் தனியாகச் சுற்றிவரப் போனீரோ" என்று போகிறது. பந்தியில் ஒரு மனிசி என் கையைப் பிடித்து, "உங்களை ராசாத்தி மாதிரி வைச்சிருந்தவர் என்ன" என்றாள். ஓம் என்றேன். செத்த வீட்டில் வேறென்ன சொல்ல?

பக்கத்தில் இருத்தினீர்களா அத்தான்? ஒரு நாளாவது?

அந்தக் கார் வீட்டுக்கு வந்த நாள் நல்ல ஞாபகம். ஜெர்மன் கார், எஞ்சின் பின்னுக்கு, இரண்டு கதவு. ஏவன்டேலில் எங்கள் வாடகை வீட்டு வாசலில் அது நின்றபோது தெருவே எட்டிப் பார்த்தது. கோயிலுக்குப் போகலாம் என்று நான் சேலை உடுத்து, பூ வைத்து வந்து நின்றேன். நீங்கள் பின் ரயருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, காற்று அளக்கிற மீற்றரைப் பார்த்தபடி, தலையை நிமிர்த்தாமல் சொன்னீர்கள்: "இது எனக்கு மட்டும் அளந்து விட்ட காத்தப்பா. நீர் ஏறினா உம்மட பாரத்துக்கு நாலு ரயரையும் திரும்ப மாத்தவேணும். வேகமா ஓடுற கார், காத்துப் பிழைச்சால் ஆளைக் கொண்டுபோடும்."

நான் நம்பினேன். எஞ்சினியர் சொல்கிறார், எனக்கு என்ன தெரியும் என்று நம்பினேன். அன்றைக்கு என் பழைய காரில் உங்கள் பின்னால் கோயிலுக்கு வந்தேன். அதற்குப் பிறகு கலியாண வீடு, சாமத்திய வீடு, பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். ஒரே வீட்டிலிருந்து வெளிக்கிட்டு ஒரே மண்டபத்துக்கு இரண்டு காரில் போன புருசன் பெண்சாதி இந்த ஒக்லாந்தில் நாங்களாகத்தான் இருப்போம். மோட்டர்வேயில் நீங்கள் மறைந்துவிடுவீர்கள். நான் போய்ச் சேர்கிறபோது நீங்கள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு நிற்பீர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. உம்மட பாரம் என்று நீங்கள் சொன்ன அந்த ஒரு சொல்லுக்காக இரவில் சோறு சாப்பிடுவதை விட்டேன். கொஞ்சம் மெலிந்தால் காற்றை மாற்றாமலே என்னை ஏற்றுவீர்கள் என்று நினைத்தேன். மெலிந்தும் பார்த்தேன். உங்களுக்கு அது தெரியவேயில்லை.

சனிக்கிழமை காலையில் எழும்பினால் நீங்கள் கராஜுக்குள்தான். கார் ஓடாமல் குளிர்ந்து நிற்கிறபோது அளக்கவேண்டும், முன்னுக்கு ஒரு கணக்கு, எஞ்சின் பாரத்துக்காகப் பின்னுக்குக் கூட என்று உங்களுக்குள்ளேயே கதைத்துக்கொண்டு ஒவ்வொரு ரயராக நகர்வீர்கள். முப்பத்துமூன்று, முப்பத்தொன்பது என்று நீங்கள் முணுமுணுப்பது குசினிக்குள் சமைக்கிற எனக்குக் கேட்கும். பக்கத்தில் நின்ற என் காரை ஒரு நாள் திரும்பிப் பார்த்தீர்களா? அது வொரண்ட் சோதனைக்குப் போய்த் தோற்று வந்தது. ரயருக்குள் கம்பி தெரிகிறது, இதிலா வேலைக்குப் போகிறாய் என்று பார்த்தவன் என்னைத் திட்டினான். வந்து சொன்னேன். "உம்மட முதியோர் இல்லத்துக்குப் போய்வாற கார்தானே" என்றீர்கள்.

நீங்கள் நித்திரையிலேயே போனீர்கள். நல்ல சாவு என்றார்கள். ஈமக்கடனெல்லாம் முடிந்த கையோடு நேசன் ஆணியில் தொங்கிய கார்த் திறப்பைக் கேட்டு வந்தார். "அண்ணி, இது பொம்பிளையள் ஓடுற சாமான் இல்லை. நான் கொண்டுபோய் வைச்சிருக்கிறன், அண்ணான்ர ஞாபகமா." அழுதுகொண்டு கேட்டிருந்தால் ஒருவேளை கொடுத்திருப்பேன். அவர் கராஜைப் பார்த்துக்கொண்டு கேட்டார். கொடுக்கவில்லை. உங்கள் மேலுள்ள பாசத்தால் என்று சனம் நினைத்தது. இல்லை, அத்தான். அத்தனை வருடம் அந்தக் காரின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டு ஓடியவள் நான். ஒரு முறை முன்னுக்கு இருந்து பார்க்கவேண்டும் என்ற வெப்பிசாரம், மனப் புழுக்கம்.

முதலில் பிழைதான் விட்டேன். பெற்றோல் அடிக்கிற இடத்துக்கு ஓட்டிப்போய் அங்கேயே காற்றைப் பார்த்தேன். நீங்கள் முணுமுணுக்கிற கணக்கை விடக் கூடக் காட்டியது. பிசகிவிட்டது என்று நினைத்து, அந்தக் கணக்குக்கு வரும்வரை நாலு ரயரிலும் காற்றைத் திறந்துவிட்டேன். ஓடிச் சூடாகிய ரயர் கூடத்தானே காட்டும்? ஆர் எனக்குச் சொல்லித்தந்தது?

அடுத்த நாள் காலை நல்ல குளிர். கிளென்ஃபீல்டுக்குப் போய்ச் செல்வியை ஏற்றினேன். என்னோடு வேலை செய்கிற மதுரைப் பிள்ளை, நீங்கள் ஒரு முறை வாசலில் கண்டு தலையாட்டியிருக்கிறீர்கள். ஏறி உட்கார்ந்ததும் சீற்றைத் தடவிப் பார்த்தாள். "என்னக்கா, இந்தப் பக்கம் இம்புட்டுப் புதுசா இருக்கு? யாரும் உக்காந்ததே இல்லையா?" என்றாள். இல்லை என்றேன். வெஸ்ட்கேட் கிட்டப் போகிறபோது கார் பின்பக்கம் நெளிகிற மாதிரி இருந்தது. "அக்கா, மஞ்ச லைட்டு எரியுது பாருங்க. டயர் படம் போட்டிருக்கு" என்றாள் செல்வி. மெல்ல ஓட்டிக் கடைத்தெருக் கார்த் தரிப்பில் நிறுத்தினேன்.

ஓட்டுகிறவரின் கதவைத் திறந்தால் விளிம்பில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. நீங்கள் சனிக்கிழமை தோறும் குந்தியிருந்து பார்த்த அதே ஸ்டிக்கர். குளிர்ந்த ரயருக்கான அளவு என்று முதலில் போட்டிருந்தது. அப்போதுதான் என் பிழை விளங்கியது. அதற்குக் கீழே இரண்டு வரி. ஒன்றில் நாலு ஆள் படமும் ஒரு பெட்டிப் படமும், அதற்கு முப்பத்தாறு, நாற்பத்துநாலு. மற்றதில் முப்பத்துமூன்று, முப்பத்தொன்பது. உங்கள் கணக்கு. அதற்குப் பக்கத்தில் எத்தனை ஆள் படம் என்று உங்களுக்குத் தெரியும்தானே?

"ரெண்டு பேருக்கு இதாங்கா கரெக்டு. நம்ம ரெண்டு பேருதானே" என்றாள் செல்வி. அவளுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை. அந்த வரியை விரலால் தொட்டு இன்னொரு முறை வாசித்தேன்.

நீங்கள் அளந்து விட்ட காற்று எந்தச் சனிக்கிழமையும் எனக்கும் சேர்த்துத்தான் இருந்திருக்கிறது. நான் ஏறியிருந்தால் ஒரு மண்ணும் மாற்றவேண்டி வந்திராது. ஏன் அத்தான்? பக்கத்தில் இருந்தால் அலட்டுவேன் என்றா? உங்கள் கூட்டாளிமார் பார்த்தால் நான் அந்தக் காருக்குப் பொருத்தமில்லை என்றா? தனியாக ஓடத்தான் விருப்பம் என்று நேராகச் சொல்லியிருந்தால் விட்டிருப்பேனே. மனிசருக்கு அப்படியும் ஆசை இருக்கும். அதற்கு என் உடம்பை ஏன் சாட்டுச் சொன்னீர்கள்?

போன கிழமை நேசன் புலம்பலைக் கொண்டுவந்தபோது நான் கராஜுக்குள் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். புலம்பலை நீட்டிவிட்டு, திறப்புப் பேச்சையும் தொடங்கினார். "அண்ணா எவ்வளவு கவனம் அண்ணி. உங்களுக்கு ஒண்டும் நடந்திடக்கூடாதெண்டுதானே ஏத்தேல்லை. ஒராளுக்கு விட்ட காத்தில ரெண்டு பேர் ஏறினா ஆபத்தெண்டு எனக்கே சொல்லியிருக்கிறார்."

தம்பிக்கும் அதே கதையா? புலம்பலில் பக்கத்தில் இருத்தியதாக எழுதுகிற ஆளுக்கு, இருத்தவில்லை என்றும் தெரிந்திருக்கிறது.

"இதிலை என்ன போட்டிருக்கு, வாசியுங்கோ தம்பி" என்று கதவைத் திறந்துவிட்டேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். வாசித்தார். திரும்பவும் வாசித்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. "அண்ணா இதைக் கவனிச்சிருக்க மாட்டார்" என்றார்.

"உங்கட அண்ணா இந்தக் கதவடியில குந்தியிருந்த நேரம் என்னோட இருந்ததில்லை. கவனிக்கேல்லை எண்டு என்ர முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கோ" என்றேன். கண்ணாடியைக் கழற்றி மடித்தார். திறப்பைப் பிறகு கேட்கவில்லை. புலம்பலை அவருக்கு முன்னாலேயே கிழித்தேன்.

கார் நல்லாக இருக்கிறது. என் பழைய காரை விற்றுவிட்டேன். சனிக்கிழமை காலையில், காரை எடுக்க முதல், உங்கள் மீற்றரால் நானே அளக்கிறேன். குளிர் காலத்தில் காற்று இறங்குகிறது, கூட்டி விடவேண்டியிருக்கிறது. இது பெரிய வித்தையே இல்லை, அத்தான். இதை வைத்தா என்னை இவ்வளவு காலம் பேய்க்காட்டினீர்கள்?

திவசத்துக்குச் செய்யவேண்டியது எல்லாம் செய்வேன். உங்களுக்குப் பிடித்த கறியெல்லாம் வைத்துப் படைப்பேன். ஆனால் உங்களுக்காக ஒரு பொய்யை என் பெயரில் இனி யாரும் அச்சடிக்க விடமாட்டேன். காரையும் யாருக்கும் கொடுக்கமாட்டேன். கேட்கிற எவரையும் அதில் ஏற்றுவேன், எவ்வளவு பாரம் என்று ஒருவரையும் கேட்கமாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
அந்தப் பக்கத்துச் சீற்றில் ஒரு நாளும் இருந்திராத,
இப்போது ஓட்டுகிற சீற்றில் இருக்கிற
உங்கள் மனைவி பவானி