பெயர் எழுதாத படகுச் சீட்டு

இன்று காலை அலோன் படகுத் துறையில் அரிசி மூட்டைகள் மழையில் நனைந்துவிட்டன. ஈரச் சாக்கின் வாடை ஆபீசுக்குள் ஏறியதும் கையிலிருந்த காகிதத்தை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். நீ போய் மூன்று வருஷமாகிறது. இந்த வாடை என்னை விட்டபாடில்லை.

அந்த வருஷம் புயல் கடலோரக் கிராமங்களைத் துடைத்துப் போட்டுவிட்டுப் போனது. சர்க்கார் விசாரித்துக்கொண்டே இருந்தது. விசாரிப்பதில் அதை மிஞ்ச ஆள் கிடையாது. அதற்குள் நகரத்தின் பபேடான் தெருக்களில் நம் தமிழ் ஜனங்கள் வீடு வீடாக அரிசியும் துணியும் திரட்டிவிட்டார்கள். படகோட்டத் தெரிந்த நீயும், உன்னோடு மூட்டை தூக்கும் மூன்று பேரும், கூலியே வேண்டாமென்று கிளம்பினீர்கள்.

கிளம்பும் படகுகளுக்குச் சீட்டு எழுதுவது துறைமுக ஆபீசில் என் வேலை. உங்கள் பெயர்களைக் கேட்டேன். நீ சிரித்தாய்.

"பேரு எதுக்குடா? மூட்டை குடுத்தவுக யாராச்சும் பேரு எழுதச் சொன்னாகளா? தர்மத்துக்குப் போறோம். பேரு போட்டுட்டுப் போனா அது தர்மமா?"

"சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல."

"சட்டந்தான் உன் கையில இருக்கே, தொரை."

நீ என்னைத் துரை என்று கேலி செய்தால் எனக்கு உள்ளூரப் பெருமை. அந்தப் பெருமையில் ஆட்கள் என்ற இடத்தை வெறுமையாக விட்டு முத்திரை குத்தினேன். கொடுப்பவன் பெயரைச் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். அந்த வழக்கத்தைச் சர்க்கார் காகிதத்திலும் கொண்டுபோய் வைத்தோமே, அதுதான் தப்பு.

மறுநாளே மறுபடியும் காற்று கிளம்பியது. ஐந்தாம் நாள் வரை உங்களைக் காணோம். தேடுவதற்கு நீராவிப் படகு அனுப்பச் சொல்லி மேலதிகாரியிடம் போய் நின்றேன். அந்த வெள்ளைக்காரர் சீட்டை எடுத்துப் பார்த்தார். இதில் ஒருவர் பெயரும் இல்லையே, யாரைத் தேடச் சொல்கிறாய் என்றார். நான்கு பேர் போனார்கள் என்றேன். யார் போகச் சொன்னது, சர்க்காரா அனுப்பியது என்றார். இதை எழுதியவன் வந்து, இன்னார் போனார்கள் என்று எழுதிக் கொடுக்கட்டும், படகு அனுப்புகிறேன். ஆனால் அப்புறம் அவனுக்கு இங்கே வேலை இருக்காது என்றும் சொன்னார்.

சீட்டு எழுதுகிறவர்கள் நாங்கள் ஐந்து பேர்; முத்திரையை வைத்து எழுதியது யாரென்று அவருக்குத் தெரியாது. எனக்கு மூன்று குழந்தைகள். எழுதியவன் நான்தான் என்று சொல்லாமல் திரும்பி வந்துவிட்டேன்.

எட்டாம் நாள்தான் எழுதிக் கொடுத்தேன். நான்கு பெயர்களையும் எழுதி, கீழே இதையும் எழுதினேன்: "பசித்த குடிகளுக்குச் சோறு கொண்டுபோவது சர்க்காரின் வேலை. அதை இவர்கள் செய்யப் போனார்கள். இவர்களைக் காப்பாற்றுவது யாருடைய வேலை?" அன்றே படகு போனது. என் வேலையும் போகவில்லை. ஒரு திட்டோடு விட்டுவிட்டார்கள். இதற்காகவா அப்படிப் பயந்தேன் என்று நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஆற்று முகத்துவாரத்துக்கு அப்பால் ஒரு சேற்றுத் திட்டில் நான்கு பேரும் கிடந்தீர்கள். சுற்றிலும் உப்புத் தண்ணீர், குடிக்க ஒரு சொட்டு இல்லை. இறந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை என்று கூடப் போன டாக்டர் சொன்னார்.

இப்போது சமையல்காரன் பெயர் வரைக்கும், அவன் தகப்பன் பெயரோடு எழுதாமல் எந்தப் படகையும் நான் விடுவதில்லை. புண்ணியம் குறைந்துவிடும் என்பவர்களிடம், குறைந்தால் குறையட்டும், பெயரைச் சொல் என்று சண்டை பிடிக்கிறேன். துறையில் எனக்கு நல்ல பெயர் இல்லை.

உன் பர்மிய மனைவி மா டின் வருஷா வருஷம் உன் நினைவு நாளன்று ஒரு கிண்ணத்தில் மீன் குழம்பு ஊற்றிய அரிசிச் சேவை, அவர்கள் மொஹிங்கா, கொண்டுவந்து என் முன்னால் வைக்கிறாள். உன்னிடம் கற்ற தமிழில் சொல்கிறாள்: "சாப்பிடுங்க அண்ணே. சர்க்காருல நமக்குன்னு நீங்க ஒரு ஆளு இருந்தீங்க. அதனாலதான் அவரு உடம்பாவது வீட்டுக்கு வந்துச்சு."

நானும் தலை குனிந்து சாப்பிடுகிறேன். நான் வாய் மூடியிருந்த அந்த மூன்று நாட்களில் நீ உயிரோடு இருந்தாய் என்பது அவளுக்குத் தெரியாது.