முந்தானைக்குள் நடந்த பேரம்

மகள் வாங்கிவந்த விளையாட்டுப் பெட்டியின் மேல், பழகிய ஆட்டக்காரர்களுக்கு மட்டும் என்று போட்டிருக்கிறது. படித்ததும் சிரிப்பு தாங்கவில்லை. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? மட்டாஞ்சேரிக் கிடங்கில் நாம் சுக்கு தரம் பிரித்த எழுபதுகளிலேயே அப்படி ஓர் ஆட்டத்தை நீ உண்டாக்கிவிட்டாயே, அதுவும் பழைய காலண்டர் தாளின் பின்புறத்தில்.

பகடை கிடையாது. இடக்கொச்சியிலிருந்து மட்டாஞ்சேரி வரை காயலை வரைந்திருந்தாய். ஆளுக்கு நாலு சுக்கு, அவைதான் வள்ளங்கள். ஒரு சுற்று நீரேற்றம், மறுசுற்று இறக்கம். தண்ணீர் போகும் பக்கம்தான் வள்ளமும் போகும். வள்ளத்துச் சரக்கை மாற்றிக்கொள்ள, கிடங்கு வியாபாரிகள் தோர்த்துத் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவதுபோல நாம் முந்தானைக்கு அடியில் பேச வேண்டும். என்ன விலை என்று மற்றவர்களுக்குத் தெரியாது. முதல் ஞாயிறே எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது.

எர்ணாகுளத்தில் பரமபத அட்டை அச்சடிக்கும் பிராட்வேக்காரர், நன்றாக ஆடிப் பார்த்துவிட்டுக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். உனக்கு அது அச்சில் வந்தே ஆக வேண்டும். ஆடுபுலியில் யாரையும் ஜெயிக்க விடாத எங்கள் மூவரையும் கூட்டிவைத்து நீ சொன்னது இவ்வளவுதான்: "நல்லாருக்குன்னு பறைய வேண்டாம்டி. ஆட்டம் எங்க பொளிஞ்சு ஒடையுதுன்னு பறஞ்சா மதி, அது போதும்."

இரண்டாம் ஞாயிறே எனக்குத் தெரிந்துவிட்டது. இறக்கத்தில் இரண்டு வள்ளங்களைக் காயலின் குறுகலில் நிறுத்திவிட்டால் அப்புறம் ஒருவரும் தாண்ட முடியாது. சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் நாலு ஞாயிறு தொடர்ந்து ஜெயித்தேன். என் மூளையை நீ ஊரெல்லாம் புகழ்ந்தாய்; வெட்கமில்லாமல் கேட்டுக்கொண்டேன்.

பிராட்வேக்குப் புறப்பட்ட அன்று, படகில் உன் மடியில் அந்தத் தாள்சுருளைப் பார்த்ததும் வாய் அடங்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். காயலில் தள்ளிவிடுவாய் என்றுதான் நினைத்தேன்.

"எடி கள்ளி, நாலு ஞாயிறா ஏமாத்தினியா? அப்ப இது கொள்ளாவுன்ன ஆட்டந்தான், நல்ல ஆட்டந்தான்" என்று தொடையில் அடித்துச் சிரித்தாய். அங்கேயே தாளை விரித்து, மறிக்கப்பட்டவள் முந்தானைப் பேரத்தில் சரக்கு கொடுத்தால் மறித்தவள் வழிவிட வேண்டும் என்று புது விதி எழுதினாய். ஆடிப் பார்த்த மும்முரத்தில் எர்ணாகுளம் படகுத்துறை வந்ததே தெரியவில்லை. அதே படகில் மட்டாஞ்சேரிக்குத் திரும்பிவந்து நின்றோம். அடுத்த படகில் போய்ச் சேர்ந்தால், பிராட்வேக்காரர் பகடை எங்கே என்று கேட்டுத் தாளைச் சுருட்டிக் கொடுத்துவிட்டார். உன் முகம் வாடியதை நான் மட்டும் பார்த்தேன். நான் முதலிலேயே சொல்லியிருந்தால் இன்னும் நன்றாகச் செதுக்கியிருப்பாய் என்பது இன்றும் என்னை அறுக்கிறது.

கிடங்கை மூடும்வரை பத்து வருடம் ஆடினோம். ஒருவராலும் உன் புது விதியை உடைக்க முடியவில்லை.

நீ போய் நாலு வருடம். நேற்று உன் தாளை விரித்து நால்வருக்கும் நானே ஆடினேன். உன் புது விதி எங்கே பொளியுதென்று கண்டுபிடித்துவிட்டேனடி! மறித்தவளும் மறிக்கப்பட்டவளும் முந்தானைக்குள் கூட்டுச் சேர்ந்தால், மற்ற இருவரும் எழுந்து சாயா குடிக்கப் போகலாம். இந்த முறை ஒரு ஞாயிறுகூட ஒளித்துவைக்கவில்லை.