மரியக்காவின் இடமும் காஸல் என்ற சொல்லும்

மச்சான், இன்று காலை உன் மகள் என் கொட்டாஞ்சேனைக் கடைக்கு வந்து, நீ எபிரேயம் எழுதிப் பழகிய கொப்பியைத் தந்துவிட்டுப் போனாள். துறைமுகத்தில் மூட்டை எண்ணும் வேலை முடிந்து வந்து, நீயே புத்தகம் தேடிப் படித்த மொழி. "இவனுக்கு ஏன் இந்தப் பைத்தியம்?" என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். கொப்பியைத் திறந்ததும் 'காஸல்' என்ற வினைச்சொல் உள்ள பக்கத்தைத்தான் தேடினேன்.

அந்தத் திருநாளை நீ மறந்திருக்க மாட்டாய். தேவாலய வாசலில் மெழுகுதிரி விற்ற எங்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. ஒருவர் ஒரு வருஷம் பெட்டி வைத்த இடம், அடுத்த வருஷமும் அவருக்கே. வாசலுக்கு நேரே இருந்தது மரியக்காவின் இடம். அவர் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, என் மேசையை அங்கே போட்டேன். திருவிழாவின் மூன்றாம் நாள் கட்டுப்போட்ட காலோடு வந்தவர், கூடையுடன் எதிர்ப்பக்கத்தில் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

வேலை விட்டு வந்த நீ நேரே என்னிடம் வந்தாய்.

"மச்சான், இது மரியக்காட இடமெல்லே?"

"நான் என்ன களவே எடுத்தனான்? பட்டப்பகல்ல, எல்லாரும் பாக்கத்தானே மேசை போட்டனான்."

"அதுக்குத்தான்டா எபிரேயரிட்ட தனிச் சொல் இருக்கு. ஒளிச்சு எடுக்கிறது வேற. காஸல் எண்டா முகத்துக்கு நேர பறிக்கிறது."

வேதாகமத்தில் அது வரும் இடங்களை அங்கேயே அடுக்கினாய். ஆபிரகாமின் கிணற்றை அரசனின் ஆட்கள் பிடுங்கியது. எகிப்தியனின் கையிலிருந்த ஈட்டியை ஒரு வீரன் பறித்தது. பலசாலிகள் ஆசைப்பட்ட வயலை அபகரித்தது.

"பறிகுடுக்கிறவன் பாத்துக்கொண்டுதான் நிக்கிறான். தடுக்கத்தான் ஏலாது."

நான் மரியக்காவைப் பார்த்தேன்.

"சரி, இப்ப என்ன செய்யச் சொல்லுறாய்?"

"பறிச்சதைத் திருப்பிக் குடு. அதுக்கு மேல அஞ்சில ஒரு பங்கு. மோசேயின்ர சட்டம் அப்பிடி."

"மோசேயும் வட்டிக்காரன்தான் போல!"

விழுந்து விழுந்து சிரித்தாய். ஆனால் மேசையின் மறுபக்கத்தைத் தூக்கியதும் நீதான். மரியக்கா தன் இடத்துக்கு வந்ததும், என் ஐந்து மெழுகுதிரிப் பெட்டிகளில் ஒன்றை அவருடைய கூடைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இப்பதான்டா உன்ர மூஞ்சியில மனுசக் களை," என்றார் அவர்.

இன்று எனக்கு மூன்று கடைகள். எல்லாம் முட்டி மோதிப் பிடித்தவை. ஆனால் வாய் திறக்க முடியாதவரிடம் எடுத்தது ஓர் அடிகூட இல்லை. இதை எனக்கு ஒரு துறைமுகக் கிளாக்கர் சொல்லித் தந்தான் என்று முதலாளிமார் நடுவே நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன்.

போன மாதம் பக்கத்துக் கடைக்காரர் பக்கவாதத்தில் விழுந்தார். கட்டடச் சொந்தக்காரர் அந்தக் கடைப் பூட்டின் திறப்பை என் கையில் திணித்தார். "ஆள் இனி எழும்ப மாட்டார், நீங்க எடுங்கோ முதலாளி." திறப்போடு கடைக்காரரின் வீட்டுக்குப் போய், கடையை நான் எடுக்கட்டுமா என்று கட்டிலருகே இருந்து கேட்டேன். பேச்சு வரவில்லை. தர மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

திறப்பை அவருடைய தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு வந்தேன்.