ஹோஸ் வெடித்த வளைவு

ஜூலை 7, திங்கள்

சீயக்காய் போட்டுத் தேய்த்தும் கையில் எண்ணெய்க் கறை போகவில்லை. சோறு பிசைந்தால் வண்டி வாசம் அடிக்கிறது. பாதியில் எழுந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நாமக்கல்லில் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் முடித்துக்கொண்டு திரும்பும்போது, மலையில் பாதிக்கு மேல் ஏறியபின் ஒரு வளைவில் எங்கள் காரின் பவர் ஸ்டீயரிங் ஹோஸ், எண்ணெய் போகிற ரப்பர் குழாய், வெடித்துவிட்டது. வண்டி ஓர் ஆட்டம் ஆடி, நல்லவேளையாகப் பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப்பக்கம் ஒதுங்கி நின்றது. அதற்குமேல் ஸ்டீயரிங் அசைவேனா என்கிறது. எண்ணெய் இருந்தால்தான் அது சொன்னபடி கேட்கும்; எண்ணெய் போனால் ஆட்டுக்கல். என் கைக்கு அது ஆகாது. பின்னால் காரில் வந்தவர்களில் ஒருவர் இறங்கி, வியர்க்க வியர்க்க ஓட்டிவந்து எங்கள் ஊரான வளப்பூர் நாட்டில் எங்களை விட்டுப்போனார். நல்லா இருக்கட்டும்.

இன்று அந்த ஹோஸைக் கழற்றினேன். அவர் வாசலில் கட்டில் போட்டுப் படுத்தபடி சொல்ல, நான் வண்டிக்கடியில். இந்தப் பக்கத்து வண்டிகளுக்கெல்லாம் வைத்தியம் பார்த்த மெக்கானிக் மாணிக்கம் அவர். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்தபிறகு, அந்தக் கையால் பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் இப்போது வாய் அவருடையது, கை என்னுடையது.

"அந்த நட்டு இல்ல புள்ள, அதுக்கு மேல."

"மேல எதுங்க? எல்லாம் கறுப்பாத்தான் இருக்குது."

"கண்ண எங்க வெச்சிருக்க?"

மூஞ்சியில்தான் வைத்திருக்கிறேன், அதில்தான் எண்ணெய் சொட்டுகிறது. இதை அவரிடம் சொல்லவில்லை. இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

ரப்பர் நடுவில் கொப்புளம்போல் உப்பிக் கிழிந்திருக்கிறது. இவ்வளவு பழைய வண்டிக்கு ஹோஸ் எங்கே கிடைக்கும்? நாளை செவ்வாய், அவருடைய டயாலிசிஸ் முறை. பஸ்தான்.

ஜூலை 8, செவ்வாய்

இனி பஸ் கிடையாது என்று சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது ஒவ்வொரு வளைவிலும் வாந்தி. கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு, பஸ் நிறைய ஆள் பார்க்க, சத்தம் போடாமல் அழுதார். நான் காலை நீவிக்கொண்டே வந்தேன். யாரோ சீட்டு மாறிக் கொடுத்தார்கள். அதுதான் அவருக்கு ரொம்ப அவமானமாகப் போய்விட்டது.

ஒரு காரியம் மட்டும் நடந்தது. அவர் மெஷினில் படுத்திருந்த நேரத்தில், போர் போடும் ரிக் வண்டிகளுக்கு ஹோஸ் அடிக்கிற கடைக்குப் போனேன். கிழிந்ததைக் காட்டினேன். கடைக்காரர் இரண்டு முனையையும் அறுத்தெடுத்து, நடுவில் ரிக் ஹோஸை வைத்து மெஷினில் அழுத்திக் கொடுத்தார். "பாறைய ஒடைக்கற வண்டிக்கே தாங்குதுங்க, உங்க காருக்குத் தாங்காதா?" என்றார்.

ஜூலை 9, புதன்

மாட்டிவிட்டேன்! பட்டறையில் மீதியிருந்த பழைய கறுப்பு எண்ணெயை ஊற்றி, ஸ்டார்ட் செய்து திருப்பினால், ஒற்றை விரலுக்கு வருகிறது. அவர் "ம்" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

பிறகு எல்லா டிரைவரிடமும் ஓதுகிற மந்திரத்தை எனக்கும் ஓதினார்: "ஸ்டீயரிங்க கடைசி வரைக்கும் ஒடிச்சு அப்படியே அழுத்திப் புடிச்சிருக்காத. எண்ணெய் போக வழியில்லாம ஹோஸத்தான் கிழிக்கும்."

அன்றைக்கு நான் அப்படிப் பிடிக்கவில்லையே என்றேன். அவர் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்னவோ.

ஜூலை 11, வெள்ளி

போகவில்லை.

காலையில் வண்டிக்கடியில் கறுப்பாக ஒரு குளம். பானெட்டுக்குள் இருக்கிற எண்ணெய் டப்பாவில் சொட்டு இல்லை. எங்கிருந்து ஒழுகியது என்று தடவிப் பார்த்தால் எல்லா இடத்திலும் எண்ணெய். "நட்டு டைட் பத்தல. இல்லீன்னா அந்த ரிக்குக்காரன் அடிச்சது சரியில்ல. பாதி மலையில புடுங்கிக்கிச்சுன்னா என்ன பண்ணுவ? எடுக்காத" என்றார். முந்தாநாள் எவ்வளவு முறுக்கினேன் என்று எனக்குத் தெரியும். தெரியுமா? தெரியும் என்றுதான் நினைத்தேன்.

வாடகைக் கார் வைக்கலாம் என்று கெஞ்சினேன். "கண்டவன் வண்டியில வாந்தி எடுத்துக்கிட்டு நான் வரமாட்டேன்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

என் கைவேலையால் அவருக்கு ஒரு டயாலிசிஸ் தவறிவிட்டது.

ஜூலை 12, சனி

கால் வீங்கிவிட்டது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. டயாலிசிஸ் நர்ஸ் ஸ்டெல்லா போனில் சத்தம் போட்டாள். "செவ்வாயும் விட்டீங்கன்னா நுரையீரல்ல தண்ணி ஏறிக்கும் கவிதாக்கா. அப்புறம் கூட்டிட்டு வந்து புண்ணியமில்ல." அவருக்குக் குடிக்கத் தண்ணீரை அளந்து கொடுக்கிறேன். குழந்தைபோல் டம்ளரைப் பார்க்கிறார். அடுப்படியில் போய் அழுதேன்.

ஜூலை 13, ஞாயிறு

கொழுந்தனார் தனபால் வீட்டுக்குப் போனேன். அண்ணனும் தம்பியும் ஒரே மாதிரி இரண்டு பழைய காரை ஒன்றாகப் போய் வாங்கிவந்தவர்கள். காடு பாகம் பிரித்ததில் பேச்சு நின்றுபோனது. தனபாலின் வண்டி இன்ஜின் போய் மாட்டுக் கொட்டகையோரம் நிற்கிறது. பின்சீட்டில் கோழி அடைகாக்கிறது. ஆனால் அதன் ஹோஸ் வண்டியோடு வந்த அசல் ஹோஸ். இன்ஜின் சீக்கிரமே போனதால் அதிகம் உழைக்காதது.

பேச்சில்லாத வீட்டில் காரியம் ஆகவேண்டும் என்றால் எங்களுக்குள் ஒரு வழி உண்டு. ஆளைப் பார்த்துப் பேசாமல், ஆட்டையோ நாயையோ பார்த்துப் பேசுவது. நான் வேலிக்கு வெளியே நின்று கோழியைப் பார்த்துச் சொன்னேன்: "எங்க ஹோஸு ஒழுகுது. இந்த வண்டியில ஸ்டீயரிங் ஹோஸ் ஒண்ணு சும்மா கெடக்குது. அது கெடச்சா ஒரு உசுரு ஆஸ்பத்திரி போய்ச் சேரும்."

தனபால் நாயின் காதில் உண்ணி பார்த்துக்கொண்டிருந்தார். நாயிடமே சொன்னார்: "கழட்டிக்கச் சொல்லு. நான் என்ன புடிச்சுக்கிட்டா இருக்கறேன்?"

துருப்பிடித்த நட்டு அசையவில்லை. டீசலை ஊற்றி ஊறவைத்து மல்லுக்கட்டினேன். கொஞ்ச நேரத்தில் பானெட் மேல் டங்கென்று ஒரு நீள இரும்புக் குழாய் வந்து விழுந்தது; நிமிர்ந்தால், தனபால் நாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பேனர் முனையில் செருகி மிதித்தேன், வந்துவிட்டது. வெளியேறும்போது நாய்க்கு இன்னொன்றும் சொன்னார்: "இதுக்கப்புறமும் ஒழுகுச்சுன்னா ஹோஸு மேல குத்தமில்லைன்னு சொல்லு."

நாய் என்னைப் பார்த்து வாலாட்டியது. வீட்டுக்கு வந்து வெகுநேரம் சிரித்தேன். ரொம்ப நாளாயிற்று சிரித்து.

ஜூலை 14, திங்கள்

தனபாலின் ஹோஸை மாட்டியாகிவிட்டது. இந்தத் தடவை சேந்தமங்கலத்திலிருந்து பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லி புது எண்ணெய் வாங்கினேன். சிவப்பாக, சர்பத் மாதிரி இருக்கிறது. பஸ் நிற்கும் இடம்வரை ஓட்டிப்போய்த் திரும்பினேன். அடியில் பேப்பர் விரித்துவைத்திருக்கிறேன். இருட்டும்வரை ஒரு சொட்டு இல்லை.

அவருக்கு மூச்சு வாங்குகிறது. நாளை போயே ஆகவேண்டும்.

ஜூலை 15, செவ்வாய்

எப்படி எழுதுவது இதை?

காலையில் டப்பாவைத் திறந்தால் காலி. அடியில் பேப்பர் காய்ந்து கிடக்கிறது, ஒரு பொட்டுக்கூட இல்லை. அப்படியானால் எண்ணெய் எங்கே? காற்றிலா போயிற்று? எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஊற்ற வேறு ஏதாவது இருக்கிறதா என்று விறகுக் குவியலுக்குப் பின்னால் பழைய கேன்களைத் துழாவினேன். ஒரு கேனில் சிவப்பு எண்ணெய். நேற்று நான் ஊற்றியது. தூசி விழாமல் வாயில் வெள்ளைத் துணி சுற்றிக் கட்டியிருந்தது. அந்தக் கட்டு யார் கட்டுவது என்று எனக்குத் தெரியாதா?

கேனைக் கொண்டுபோய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"ஏனுங்க, இது என்னங்க?"

அவர் கேனைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "புது எண்ணெய். மண்ணுல ஊத்த மனசு வரல" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, வெள்ளிக்கிழமைக் குளமும் அவர் வேலைதான். டப்பாவுக்கு வருகிற ஹோஸை உருவி, எண்ணெயை வடித்துவிட்டு, மறுபடி மாட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டிருக்கிறார். பழைய எண்ணெய் என்பதால் அதை மண்ணில் விட்டிருக்கிறார். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்றே நினைவில்லை. சாகறதுன்னா என்கிட்ட சொல்லிட்டுச் சாகக்கூடாதா? டைட் பத்தல, டைட் பத்தலன்னு சொல்லி என்னோட கையவே நான் நம்பாமப் பண்ணிட்டீங்களே. ஊரானுக்கு ஒரு நட்டு தப்பா மாட்டுனதில்ல நீங்க, எனக்கு மட்டும் பொய் சொல்ல எப்படிங்க மனசு வந்துச்சு?

அந்த எண்ணெயையே திரும்ப ஊற்றி, வண்டியை எடுத்தேன். அவர் ஏறி உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் உடனே மெஷினில் போட்டார்கள். உடம்பிலிருந்து நிறையத் தண்ணீர் எடுத்தார்கள். ஸ்டெல்லா அவரையும் திட்டினாள், என்னையும் திட்டினாள். அவள் திட்டியது எனக்கு ஆறுதலாக இருந்தது.

திரும்பும்போது, மலையேறுவதற்கு முன்னால் காரவள்ளியில், "இங்க நிறுத்து" என்றார். நிறுத்தினேன். முன்னால் இருந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அன்னைக்கு ஹோஸு தானா வெடிக்கல புள்ள. நீ தூங்கிட்ட."

நான் தூங்கவே இல்லை என்றேன்.

"கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. ஆனா தூங்கிட்ட. வண்டி பள்ளத்துப் பக்கம் போச்சு. நாந்தான் இந்தத் தெச்ச கையாலயே ஸ்டீயரிங்க எட்டிப் புடிச்சு, கடைசி வரைக்கும் ஒடிச்சு அழுத்திக்கிட்டேன். அதுலதான் ஹோஸு கிழிஞ்சுது. அந்தச் சத்தத்துலதான் நீ முழிச்ச."

பிறகு, "விடியறதுக்கு முன்ன எந்திரிச்சு சோறாக்கி, என்னை இறக்கி, அங்க நாள் பூரா காத்துக் கெடந்து, மறுபடி ஏத்திக்கிட்டு வாரே. ஒரு நாள் ரெண்டு பேரும் பள்ளத்துலதான் கெடப்போம். சாகப்போறவன் நான். உன்னையும் எதுக்குக் கூட்டிக்கிட்டுப் போகோணும்? சொன்னா நீ கேக்கமாட்ட. அதான் வண்டிய நிறுத்திட்டேன். பிரேக்குல கை வெக்கலையே நான்" என்றார்.

வளைவு வளைவாக எப்படி ஏறி வந்தேனோ. ஒவ்வொரு வளைவிலும் என் கன்னத்தை நானே கிள்ளிக்கொண்டேன்.

ஜூலை 16, புதன்

தூங்கினேனா? ஒன்றுமே நினைவில்லை. நினைவில்லாததுதான் பயமாக இருக்கிறது.

ஜூலை 17, வியாழன்

சாவியை எடுத்தேன், வைத்தேன். அவர்மேல் இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தேடிப்பார்த்தேன். இருக்கிறது, ஆனால் அதற்கடியில் வேறொன்று கிடக்கிறது. தைத்த கையால் ஸ்டீயரிங்கை அழுத்திப் பிடித்திருக்கிறார். அந்தத் தையல் அறுந்திருந்தால்?

சாயங்காலம் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். "நீங்க இல்லாம நான் தூங்கி எழுந்து என்னங்க பண்ணப்போறேன்? யாருக்குச் சோறாக்கறது? உங்களுக்கு வேண்டாம்னா வேண்டாம்னு மூஞ்சியப் பார்த்துச் சொல்லுங்க. வண்டிமேல பழி போடாதீங்க."

என் பக்கம் திரும்பினார். பிறகு, "நாளைக்கு வாரேன். ஆனா மெஷின் முடிஞ்சதும் ஒடனே மலை ஏறக்கூடாது. காரவள்ளியில வண்டிய நிறுத்தி நீ தூங்கோணும். நான் எழுப்பும்போதுதான் எந்திரிக்கோணும். அதுக்குச் சம்மதம்னா சொல்லு" என்றார்.

சம்மதம் என்றேன்.

ஜூலை 18, வெள்ளி

போய்வந்தோம். காரவள்ளியில் கண்ணை மூடினேன், தூக்கம் வரவில்லை. தூங்குவதுபோல் நடித்தேன். "நடிக்காத" என்றார்.

மலையில் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். நான் விழித்திருக்க வேண்டுமாம். வாயைத் திறந்தால் வசவுதான் வருகிற மனிதர், பஞ்சாயத்துக்கதை, கோர்ட்டுக்கதை, தம்பியோடு சிறுவயதில் தேன் எடுக்கப்போய்க் கொட்டுவாங்கிய கதை எல்லாம் சொன்னார். தனபாலின் ஹோஸ் ஒழுகவில்லை.

ஜூலை 25, வெள்ளி

ரத்தத்தில் இன்னும் எதுவோ கூடியிருக்கிறது என்கிறார்கள். எவ்வளவு நாள் என்று கேட்க நினைத்து, கேட்காமல் வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மேலே நடக்கும் ஓரி விழாவுக்காக மலைப்பாதையெல்லாம் வண்டி. காரவள்ளியில் மரத்தடி கிடைக்காமல் வெயிலில்தான் நிறுத்தினோம். சீட்டைச் சாய்த்ததுதான் தெரியும்.

விழித்தபோது முகத்தில் வெயில் இல்லை. என் பக்கத்துக் கண்ணாடியில் அவருடைய துண்டைச் செருகித் தொங்கவிட்டிருந்தார். அவர் பக்கத்து சீட் காலி. பதறிப்போய்த் துண்டை விலக்கிப் பார்த்தேன். ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருந்தார். கையில் குச்சி. வண்டிமேல் ஏறப் பார்த்த குரங்குகளை, சத்தம் வராமல், குச்சியை மட்டும் ஆட்டி விரட்டிக்கொண்டிருந்தார். மெஷினிலிருந்து வந்த அன்று படுத்தே கிடக்க வேண்டிய ஆள். முகம் வெளுத்து, உதடு காய்ந்திருந்தது.

"நேரமாச்சுங்களா?" என்றேன்.

திரும்பிப் பார்த்தார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து என்னைப் புள்ள என்பதைத் தவிர வேறொன்றும் கூப்பிட்டதில்லை.

"இல்ல. இன்னும் கொஞ்சம் தூங்கு கண்ணு" என்றார்.

தூக்கம் போய்விட்டது. இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன்.