நீ காலியாக விட்ட இடம்

இன்று காலை உன் புத்தகத்தைத் திறந்தேன். புகை நாற்றம் இன்னும் போகவில்லை. அச்சடித்தது முழுவதும் இங்கிலீசு. அது எனக்கு இந்தப் பிறவியில் இல்லை. ஆனால் ஓரங்களில் நீ பென்சிலால் எழுதியிருப்பது தமிழ். போன வருஷம்தான் கோயில் மண்டபத்து வகுப்பில் எழுத்துப் படித்தேன், இந்த எழுபத்திரண்டு வயதில். விரல் வைத்துக் கூட்டினேன். "குத்திப்புட்டானே, பாவிப்பய!" அடே, அது நான் சொன்னதல்லவா!

இலங்கை மலையகத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்தோம். நீ தொழிற்சாலை ஆபீசில் கிளாக்கர் ஆனாய், நான் தேயிலைச் செடியைக் கழித்துக் கவ்வாத்து வெட்டினேன். வேலை விட்டு வந்ததும் பட்டப் பரீட்சைக்குப் படிப்பாய். நானூறு வருஷத்துக்கு முந்தின நாடகம், பக்கத்துக்குப் பக்கம் கொலை. கூடப்பிறந்தவனை விருந்துக்குக் கூப்பிட்டுக் கழுத்தை அறுப்பார்கள். அதைத் தமிழாக்க உனக்கு என் வாய் வேண்டும்.

"ஏன்டா, கத்தி எறங்குனா மனுசன் விழுவானா?"

"மொதல்ல ஒக்காருவான். கவ்வாத்துக் கத்தி என் தொடையில பாஞ்சப்ப நான் ஒக்காந்தேன்."

"கத்துனியா?"

"கங்காணிய வஞ்சேன்."

சிரித்துக்கொண்டே கிறுக்குவாய். என்ன எழுதுகிறாய் என்று கேட்டால், "ஒனக்கெதுக்கு? போயி தேத்தண்ணி ஊத்து" என்பாய்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில், பட்டப்பகலில் இரண்டு லொறியில் ஆட்கள் வந்து லயத்துக்குத் தீ வைத்தார்கள். நீ உள்ளே ஓடிப் புத்தகத்தோடு வந்தாய். வாசலிலேயே இரும்புக் கம்பி உன் மண்டையைப் பிளந்தது. நீ விழவில்லை, உட்கார்ந்தாய். புத்தகத்தை என் கையில் திணித்து ஒரே ஒரு பேச்சுப் பேசினாய். நான் தேயிலைக்குள் பாய்ந்தேன். திரும்பிப் பார்த்தபோது கம்பிகள் உன்மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. உன் முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை.

போயும் போயும் ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உன்னை விட்டு ஓடினேனே என்று இத்தனை வருஷமும் அதைத் தொடவில்லை. இன்றுதான் தெரிகிறது, அதில் பக்கத்துக்குப் பக்கம் என் பேச்சு. எழுத்துக் கூட்டக் கூட்ட, உன்னோடு உட்கார்ந்து வம்பளக்கிற மாதிரியே இருந்தது. வாய்விட்டுச் சிரித்தேன்.

கடைசிப் பக்கத்தில், நாயகன் சாகிறான் என்று குறித்து, "கூட்டாளியிடம் கடைசியாக என்ன சொல்வான்? இவனைக் கேட்கணும்" என்று எழுதி, கீழே இடம் விட்டிருக்கிறாய். நீ என்னைக் கேட்கவேயில்லை.

பென்சிலைச் சீவினேன். எழுதி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

"நிக்காத, ஓடுறா நாயே!"

எழுத்துக் கொஞ்சம் கோணல். பேச்சு நீ சொன்னதுதான்.