ஃப்ளாஸ்க்குக்கு மாஸ்க்

செவ்வாய்க்கிழமை, இரவு

ஆத்திரத்தில் தூக்கம் வரவில்லை. அப்பா சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வந்து முகம் துடைத்தார். துண்டு கறுத்துவிட்டது. மூக்கைச் சிந்தினார், அதுவும் கறுப்பு.

“மாஸ்க் போடலையாப்பா?”

“வேர்த்துக் கொட்டுதுடா. அதான் கிரீன் டீ குடிக்கிறேன்ல? அதுல ஆன்டி-ஆக்சிடன்ட் இருக்குதாம். நெஞ்சுத் தூசியெல்லாம் கழுவிடுமாம்.”

சொன்னவர் எதிர் குவார்ட்டர்ஸ் செல்வம் மாமா. அந்த டீ பாக்கெட்டை விற்பவரும் அவரேதான்.

“நுரையீரல் என்ன எச்சில் டம்ளராப்பா, ஊத்திக் கழுவ? டீ வயித்துக்குத்தானே போவுது?”

“பத்தாவது படிக்கிற நாயி, எனக்குப் பாடம் எடுக்குது பாரு!” என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே இருமலானது. அம்மா முதுகைத் தடவினாள்.

கிரீன் டீ நல்லதுதான். அதிலுள்ள சத்து செல்கள் கெடுவதைக் கொஞ்சம் தடுக்கலாம் என்று பயாலஜி மிஸ்ஸே சொன்னார். அதற்காக அது துடைப்பமாகிவிடுமா? அதிலும் அப்பா பாலும் சர்க்கரையும் போட்டுக் கொதிக்கவைத்துக் கொண்டுபோகிறார். பச்சையாகச் சொன்னால் அது பாயசம்.

கத்தினால் கேட்கமாட்டார். அதனால் நாளைக்குக் கொண்டுபோக அவர் இப்போதே டீ ஊற்றிப் பையில் வைத்துவிட்ட ஃப்ளாஸ்க்கின் வாயில், அவர் போடாத அந்த மாஸ்க்கையே மாட்டி, நாடாவை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டேன். “டீக்குத் தூசி ஆகாது” என்று ஒட்டியும் வைத்தேன். ஷிப்டில் எல்லோரும் சிரிப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் எனக்கு அடி விழும். விழட்டும். டீ குடிக்க மாஸ்க்கைக் கழற்றித்தான் ஆகவேண்டும். கழற்றியது கையில் இருக்குமே, அப்போதாவது முகத்தில் மாட்ட…

மறுபடியும் இருமுகிறார்.